15-5 என்ற கணக்கை எவ்வளவு நம்பலாம்? அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால்: ஒரு மதிப்புரை

எங்கள் இணைய லீக்கின் புதிய சீசனில் முதல் 20 ஆட்டங்கள் முடிந்தபோது, என் அணி 15 வெற்றி, 5 தோல்வி என்ற கணக்கில் தன் பிரிவின் முதலிடத்தில் நின்றது. கடந்த இரண்டு சீசன்களிலும் இதே அணி கடைசிக்கு ஓர் இடம் மேலேதான் முடித்திருந்தது என்பதால், லீக்கின் மற்ற மேலாளர்கள் பலரும் பாராட்டி எழுதினார்கள். அந்தப் பாராட்டில் பாதி கிண்டல் என்பதும் எனக்குத் தெரியும். அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால் என்ற இந்தக் கணினி விளையாட்டை மதிப்பிட இதைவிடப் பொருத்தமான நேரம் அமையாது என்று தோன்றியது. தோற்கும்போது காரணம் தேடாதவர் கிடையாது. வெல்லும்போது காரணம் தேடுவதற்குத்தான் மனம் வருவதில்லை. மனத்தை வற்புறுத்தித் தேடினேன்; தேடியவனுக்கு இந்த விளையாட்டு என்னென்ன எடுத்துக் கொடுத்தது, எதை ஒளித்துக்கொண்டது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

பழக்கமில்லாதவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். இதில் நீங்கள் மட்டையைச் சுழற்றப்போவதில்லை, பந்தை வீசப்போவதுமில்லை. நீங்கள் ஓர் அணியின் ஜெனரல் மேனேஜர்; வீரர்களைத் தேர்வு செய்வது, ஒப்பந்தம் போடுவது, மற்ற அணிகளோடு வீரர்களைப் பரிமாறிக்கொள்ள டிரேட் பேசுவது, மைனர் லீக்கில் இளைஞர்களை வளர்ப்பது, யார் எந்த வரிசையில் பேட் செய்ய வேண்டும், யார் எந்த நாளில் பிட்ச் செய்ய, அதாவது பந்து வீச, வேண்டும் என்று வகுப்பது ஆகியவை உங்கள் வேலை. ஆட்டத்தைக் கணினி நடத்துகிறது. ஜெர்மனியைச் சேர்ந்த மார்க்குஸ் ஹைன்சோன் உருவாக்கிய இந்த விளையாட்டின் முதல் பதிப்பு 1999-இல் வந்தது. அதன்பின் பெரும்பாலும் ஆண்டுக்கொரு பதிப்பு வந்துகொண்டிருக்கிறது. 2020-இல் இதன் நிறுவனத்தைத் தென்கொரியாவின் காம்டூஸ் வாங்கியது. வட அமெரிக்காவின் முதன்மை லீக்கான மேஜர் லீக்கின் அணிகளையும் வீரர்களையும் வைத்து ஆடலாம், 1871 வரை பின்னோக்கிப் போய் வரலாற்று சீசன்களை ஆடலாம், முற்றிலும் கற்பனையான வீரர்களைக் கொண்ட லீக்கையும் அமைக்கலாம். எங்களுடையது மூன்றாவது வகை: 24 அணிகள், 24 மேலாளர்கள், பிறந்த ஊர் முதல் மணிக்கட்டுக் காயம் வரை எல்லாம் கணினி கற்பனை செய்த வீரர்கள்.

இணைய லீக் நடக்கும் முறை எளிமையானது. கமிஷனராக இருப்பவர் வாரத்தில் சில நாட்கள், ஒவ்வொரு முறையும் ஏழு நாள் ஆட்டங்களை ஓடவிட்டு, முடிவுகள் அடங்கிய லீக் கோப்பை வெளியிடுகிறார். நாம் அதை இறக்கி, நடந்ததைப் படித்து, அடுத்த ஏழு நாளுக்கான நம் அணியின் ஏற்பாடுகளைக் கோப்பாகத் திருப்பி அனுப்புகிறோம். இதற்கு எக்ஸ்போர்ட் என்று பெயர். எக்ஸ்போர்ட் அனுப்பிய பிறகு நம் கையில் எதுவுமில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸில் களைத்துப்போன பிட்ச்சரை மாற்ற வேண்டும் என்று நாம் துடித்தாலும் பயனில்லை. ஏனென்றால் நாம் துடிக்கும் நேரத்தில் அந்த ஆட்டம் எப்போதோ முடிந்திருக்கும்.

இனி 15-5க்கு வருகிறேன். இத்தகைய தொடக்கம் அமைந்தவுடன் எந்த மேலாளரும் வெற்றி தோல்விப் பட்டியலைத்தான் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பார், நானும் பார்த்தேன். ஆனால் அதே பக்கத்தில், இரண்டு நெடுவரிசை தள்ளி, எடுத்த ரன்களும் கொடுத்த ரன்களும் இருக்கின்றன. நாங்கள் எடுத்தவை 104, கொடுத்தவை 84. பேஸ்பால் புள்ளியியலில் பில் ஜேம்ஸ் வகுத்த பழைய சூத்திரம் ஒன்று உண்டு: எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்த, கொடுத்த ரன்களின் வர்க்கங்களைக் கூட்டிய தொகையால் வகுத்தால், ஓர் அணி வென்றிருக்க வேண்டிய விகிதம் ஏறத்தாழக் கிடைக்கும். பித்தகோரஸ் தேற்றத்தின் சாயல் இருப்பதால் அவர் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். எங்கள் எண்களைப் போட்டால் விடை 0.605. அதாவது 20 ஆட்டங்களில் 12 வெற்றி. மீதி மூன்று வெற்றிகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால், ஒரே ரன் வித்தியாசத்தில் முடிந்த எட்டு ஆட்டங்களில் ஏழை நாங்கள் வென்றிருந்தோம். ஒரு ரன் ஆட்டங்களைத் தொடர்ந்து வெல்வது ஒரு திறமை என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களில் ஒருவன் அல்லன், என் அணி வென்றபோதும்கூட.

இன்னொரு கணக்கும் போட்டேன். சரிபாதி ஆட்டங்களை மட்டுமே வெல்லும் தகுதியுள்ள ஒரு சாதாரண அணி, நாணயம் சுண்டிப் போட்டதைப் போல, 20 ஆட்டங்களில் 15 அல்லது அதற்கு மேல் வெல்வதற்கான வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு. கேட்பதற்கு மிகவும் அரிதாகத் தோன்றும். ஆனால் லீக்கில் 24 அணிகள் இருக்கின்றன. அத்தனையும் சாதாரண அணிகளே என்று வைத்துக்கொண்டாலும், அவற்றுள் ஏதேனும் ஒன்றாவது இப்படித் தொடங்குவதற்கு ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. இந்த ஆண்டு அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்பதற்கு மேல் அந்தக் கணக்கு எதையும் சொல்ல மறுக்கிறது. 20 ஆட்டங்கள் என்பது 162 ஆட்டங்கள் கொண்ட சீசனில் எட்டில் ஒரு பங்குதான்.

உண்மையான மேஜர் லீக்கின் வரலாறும் இதே பாடத்தைக் குழப்பமாகத்தான் சொல்கிறது. 1984-இல் டெட்ராய்ட் டைகர்ஸ் முதல் 40 ஆட்டங்களில் 35-ஐ வென்று, அந்த வேகத்தை விடாமல் மேஜர் லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரையும் வென்றது. 1987-இல் மில்வாக்கி புரூவர்ஸ் முதல் 13 ஆட்டங்களையும் வென்று, 20-3 என்று உயர்ந்து நின்றபின், மே மாதத்தில் தொடர்ந்து 12 ஆட்டங்களில் தோற்றது. சீசன் முடிவில் 91 வெற்றிகள் இருந்தும் பிரிவில் மூன்றாம் இடம்தான். 2003-இல் கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் 16-3 என்று தொடங்கி 83-79 என்று முடித்தது. 2023-இல் டம்பா பே ரேஸ் 13-0 என்று தொடங்கி 99 ஆட்டங்களை வென்றும், பிளேஆஃபின் முதல் சுற்றில் இரண்டே ஆட்டங்களில் வெளியேறியது. மறுபுறம், 2019-இல் முதல் 50 ஆட்டங்களில் 31 தோல்விகளைச் சுமந்த வாஷிங்டன் நேஷனல்ஸ் அதே ஆண்டு உலகத் தொடரை வென்றது. ஒரு சிமுலேஷன் விளையாட்டு உண்மைக்கு நெருக்கமானதா என்று சோதிக்க, இந்த ஐந்து அணிகளின் கதையும் அதில் நடக்கக்கூடுமா என்று கேட்டால் போதும். எங்கள் லீக்கின் பழைய சீசன்களைப் புரட்டிப் பார்த்தேன். கிட்டத்தட்ட எல்லாமே நடந்திருக்கின்றன, டைகர்ஸின் கதையைத் தவிர. அது நடக்காததையும் நான் இந்த விளையாட்டின் சிறப்பாகவே எண்ணுகிறேன், ஏனெனில் மேஜர் லீக்கிலும் அது அப்படி அடிக்கடி நடப்பதில்லை.

அப்படியானால் எல்லாம் அதிர்ஷ்டம்தானா? இல்லை. இந்த இடத்தில்தான் விளையாட்டு தன் ஆழத்தைக் காட்டியது.

கொடுத்த ரன்கள் 84 என்றேன். கடந்த ஆண்டு இருந்த பிட்ச்சர்களில் பெரும்பாலோர் இந்த ஆண்டும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் திடீரென்று ஞானம் பிறந்துவிடவில்லை. பேட்டரை மூன்று ஸ்ட்ரைக்குகளில் வெளியேற்றும் ஸ்ட்ரைக்அவுட்களின் எண்ணிக்கை கூடவில்லை. நான்கு தவறான பந்துகளை வீசி பேட்டரை முதல் பேஸுக்கு இலவசமாக அனுப்பும் 'வாக்' எண்ணிக்கையும் குறையவில்லை. மாறியிருந்தது ஒன்றே ஒன்று. எதிரணி அடித்து, வேலிக்குள் விழுந்த பந்துகளில் ஹிட்டாக, அதாவது பேட்டரைப் பேஸில் சேர்க்கும் அடியாக, மாறியவை குறைந்திருந்தன. மேஜர் லீக்கில் இந்த விகிதம் நெடுங்காலமாகப் பத்துக்கு மூன்று என்ற அளவைச் சுற்றியே நிற்கிறது. ஒரு பிட்ச்சரால் இந்த விகிதத்தைப் பெரிதாக மாற்ற முடியாது என்று பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் வோரோஸ் மெக்ராக்கன் 2001-இல் எழுதியபோது பேஸ்பால் உலகம் அதை எளிதில் ஏற்கவில்லை; பிறகு சில திருத்தங்களோடு ஏற்றுக்கொண்டது. பிட்ச்சரால் முடியாது, ஆனால் களத்தடுப்பால் முடியும். சீசனுக்கு முன்பு நான் செய்த ஒரே துணிச்சலான காரியம், நன்றாக அடிக்கக்கூடிய ஒரு ஷார்ட்ஸ்டாப்பை (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் தடுப்பாளர்) விற்றுவிட்டு, மட்டையைப் பிடிக்கவே கூச்சப்படுகிற, ஆனால் ஓடித் தடுப்பதில் 20 முதல் 80 வரையிலான அளவுகோலில் 75 பெற்ற ஒருவரை அந்த இடத்தில் நிறுத்தியதுதான்.

பதினேழாவது ஆட்டத்தின் பதிவை இப்போதும் திறந்து வைத்திருக்கிறேன். ஒன்பதாவது இன்னிங்ஸ், எங்களுக்கு ஒரு ரன் முன்னிலை, ஓர் அவுட், முதல் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் எதிரணி வீரர்கள். பேட்டர் பந்தை ஷார்ட்ஸ்டாப்புக்கும் மூன்றாம் பேஸ் வீரருக்கும் இடையே தரையோடு அடிக்கிறார். பதிவில் இதற்கு இரண்டே வரிகள்தான்: பந்து தரையில் உருண்டது, ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து இரண்டாம் பேஸுக்கு, அங்கிருந்து முதல் பேஸுக்கு, இரட்டை அவுட், ஆட்டம் முடிந்தது. பழைய ஷார்ட்ஸ்டாப் நின்றிருந்தால் அந்தப் பந்து இடது புறக் களத்துக்குப் போயிருக்குமா? நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் லீக் முழுவதற்குமான களத்தடுப்புப் பட்டியலில் எங்கள் அணி கடைசி வரிசையிலிருந்து மேல் வரிசைக்கு வந்திருப்பது தெரிகிறது. 15 வெற்றிகளில் எத்தனை அந்த மனிதருடையவை என்று என்னால் எண்ணிச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றுமில்லை என்றும் சொல்ல முடியாது. இந்த விளையாட்டில் நான் பெற்ற மிகப் பெரிய மகிழ்ச்சி, கோப்பைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இந்த அரைகுறைத் தெளிவுதான்.

அட்டையும் பகடையும் கொண்டு ஆடும் பழைய பேஸ்பால் விளையாட்டுகளோடு ஒப்பிட்டால் இந்த அனுபவத்தின் வேறுபாடு புரியும். 1951-இல் வந்த ஆப்பா, ஹால் ரிச்மன் 1961-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் ஆகியவற்றின் வழித்தோன்றல்தான் இன்றைய கணினி லீக்குகள். ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கில் ஒரு பகடை 1 முதல் 3 வரை விழுந்தால் பேட்டரின் அட்டையையும், 4 முதல் 6 வரை விழுந்தால் பிட்ச்சரின் அட்டையையும் பார்க்க வேண்டும். மற்ற இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை முடிவைச் சொல்லும். எல்லாமே கண்ணுக்கு முன்னால் இருக்கும். தோற்றால் பகடையைத் திட்டலாம். கணினி விளையாட்டில் பகடை உள்ளே ஒளிந்திருக்கிறது. அட்டையில் எழுதியிருப்பதும் முழு உண்மை அல்ல. ஒரு வீரரின் திறன் என்று நமக்குக் காட்டப்படுவது, வீரர்களை எடைபோடும் நம் ஸ்கவுட்டின் கணிப்பு மட்டுமே. அதே வீரரை இன்னோர் அணியின் ஸ்கவுட் வேறு எண்களோடு காட்டக்கூடும். என் ஷார்ட்ஸ்டாப்புக்கு 75 என்று சொன்னவர் என் ஸ்கவுட்தான். வேறொருவர் 65 என்று சொல்லியிருந்தால் அந்த டிரேடையே செய்திருக்க மாட்டேன். இந்த மூடுபனியைப் பிடிக்காதவர்கள் லீக் அமைப்பில் ஸ்கவுட்டிங்கை நிறுத்திவிட்டு உண்மையான எண்களையே பார்க்கலாம். அப்படி ஆடுவது தவறில்லை. விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேர்வு எழுதுவதைப் போன்ற ஒரு சுகம் அதிலும் இருக்கத்தான் செய்கிறது.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் மதிப்புரை ஆகாது. புதிதாக வருபவரை இந்த விளையாட்டு இன்முகம் காட்டி வரவேற்பதில்லை. திரைக்குள் திரை, பட்டியலுக்குள் பட்டியல் என்று அது விரிந்துகொண்டே போகிறது. ஆட்டத்தின் நடுவில் இறங்கும் மாற்றுப் பிட்ச்சர்கள் காத்திருக்கும் புல்பென்னிலிருந்து யாரை எந்தச் சூழலில் அழைப்பது என்பதற்கு மட்டுமே ஒரு மாலைப்பொழுது போய்விடும். பேஸ்பால் விதிகளே புதியவை என்றால், முதலில் சில நேரடி ஆட்டங்களையாவது பார்த்துப் பழகிவிட்டு வருவது நல்லது. கிரிக்கெட்டின் ரன்னையும் இன்னிங்ஸையும் மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்களுக்குப் பெயர்கள் பழகியவையாகவும் பொருள்கள் அந்நியமாகவும் இருக்கும். ஆட்டத்தைக் காட்சியாகப் பார்க்கும் வசதி உண்டு என்றாலும் அதற்காக இதை வாங்குபவர் ஏமாறுவார். இது படிக்கிறவர்களுக்கான விளையாட்டு. இன்னொன்று: ஆண்டுதோறும் புதிய பதிப்பு வருகிறது என்பதால் ஆண்டுதோறும் வாங்க வேண்டும் என்று பொருளில்லை. தனியாக ஆடுபவர் ஒரு பதிப்பை வைத்துக்கொண்டு சில ஆண்டுகள் ஓட்டலாம். இணைய லீக்கில் அந்தச் சுதந்திரம் இல்லை. கமிஷனர் எந்தப் பதிப்பில் லீக்கை நடத்துகிறாரோ அதே பதிப்பு எல்லோரிடமும் இருக்க வேண்டும். ஆகவே லீக்கில் சேரும் எண்ணமுள்ளவர்கள் முதலில் லீக்கைத் தேடிவிட்டு, பிறகு பதிப்பை வாங்க வேண்டும். நான் தலைகீழாகச் செய்து ஒரு முறை வீண் செலவு செய்தேன்.

லீக்கைத் தேர்ந்தெடுப்பதில் கமிஷனரைத்தான் பார்க்க வேண்டும். முன்பு நான் ஆடிய ஒரு லீக்கில் விதிமுறைகள் மட்டும் முப்பது பக்கங்களுக்கு இருந்தன. சீசனின் நடுவில் கமிஷனருக்கு நேரமில்லாமல் போனது, லீக் அப்படியே நின்றது, எங்கள் அணி மூன்றாம் இடத்தில் இன்றுவரை ஜூலை மாதத்திலேயே இருக்கிறது. இப்போதைய லீக்கின் விதிகள் இரண்டு பக்கங்கள்தான். ஆனால் சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் கோப்பு வந்துவிடுகிறது. எக்ஸ்போர்ட் அனுப்ப மறந்தவர்களின் பெயரை அவர் எந்தக் கண்டனமும் இல்லாமல் ஒரு பட்டியலாக வெளியிடுவார். அந்த மௌனமே போதும், அடுத்த வாரம் யாரும் மறப்பதில்லை.

மனிதர்களோடு ஆடுவதன் பயன் என்ன என்பதை டிரேட் பேசும்போதுதான் முழுமையாக உணர முடிகிறது. என் அணியின் மூன்றாவது பிட்ச்சர் முதல் நான்கு ஆட்டங்களில் 27 இன்னிங்ஸ் வீசி 6 ரன்கள் மட்டுமே கொடுத்திருந்தார், ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு, பிட்ச்சர் பொறுப்பாகும் ரன்களின் சராசரி; குறைவாக இருப்பதே நல்லது) சரியாக 2.00. ஆனால் அந்த 27 இன்னிங்ஸில் அவர் எடுத்த ஸ்ட்ரைக்அவுட்கள் 13, கொடுத்த வாக் 11, ஹோம் ரன்கள் 3. களத்துக்குள் விழுந்த பந்துகளில் ஐந்தில் ஒன்றுதான் ஹிட்டாகியிருந்தது. களத்தடுப்பை நீக்கிவிட்டுக் கணக்கிடும் அளவீட்டில் அவருடைய மதிப்பு 4.80-ஐத் தொடுகிறது. விற்பதற்கு இதைவிட நல்ல நேரம் வருமா? இரண்டாம் பேஸ் வீரர் ஒருவரை எனக்குக் கொடுக்கக்கூடிய அணியின் மேலாளருக்கு எழுதினேன்; அந்த பிட்ச்சரின் ஈ.ஆர்.ஏ.வை முதல் வரியிலேயே குறிப்பிட்டேன். கணினி மேலாளராக இருந்திருந்தால் என்ன செய்திருக்குமோ தெரியாது. இவரிடமிருந்து மறுநாள் இப்படிப் பதில் வந்தது: "உங்கள் ஷார்ட்ஸ்டாப்பையும் சேர்த்துத் தருவீர்கள் என்றால் எடுத்துக்கொள்கிறேன். அவர் இல்லாமல் இவர் எனக்கு எதற்கு?"

நான் இரண்டு வாரம் யோசித்துச் செய்த கண்டுபிடிப்பை அவர் ஒரு மாலையில் செய்திருக்கிறார். ஷார்ட்ஸ்டாப்பைத் தர மாட்டேன் என்று எழுதினேன். டிரேட் நடக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த கோப்பில் ஏழு ஆட்டங்களில் மூன்றை வென்று நான்கில் தோற்றோம். இப்போது கணக்கு 18-9, பிரிவில் இன்னும் முதலிடம், இரண்டாம் இடத்துக்கும் எங்களுக்கும் இடைவெளி ஒன்றரை ஆட்டம். வென்ற மூன்றில் ஒன்று அந்த பிட்ச்சர் வீசியது: ஏழு இன்னிங்ஸ், ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை, இரண்டு ஸ்ட்ரைக்அவுட், நான்கு வாக். தரையோடு வந்த பதினோரு பந்துகளில் ஆறு ஷார்ட்ஸ்டாப்பிடம் போயிருக்கின்றன. அன்று ஷார்ட்ஸ்டாப் பேட் செய்த நான்கு முறையும் அவுட்.